சரிவில் இறங்கிய தேர்

தேரன்று விடியற்காலையிலேயே இராக்கம்மாவின் உதடு கிழிந்தது.

அடித்தவன் அவள் புருஷன் மாயழகு. முதல் வடத்தில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சியதைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.  அவன் புறங்கையால் ஓங்கி அறைந்துவிட்டு, விழுந்து கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சத்தத்தில் மகள் லெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். கதவு இடித்துவிட்டது என்று இராக்கம்மா அவளிடம் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசு. அந்த வீட்டுக் கதவுகள் யாரை இடிக்கும், யாரை இடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இதுவரை வாசித்து வந்தவர்களுக்கு அந்த அறையின் காரணம் விளங்கும். இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பண்டாரவளைக்கு ரயில் வந்து, பதுளைக்கு இன்னும் வராத காலம் அது. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே இருந்த கருக்குமலைத் தோட்டத்துக்குச் சோலைமலை பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய ஒரே மகன் மாயழகு; ஆட்கள் அவனைச் சின்னக் கங்காணி என்பார்கள். மாயழகின் பெண்டாட்டி இராக்கம்மா. அவளுடைய அண்ணன் கந்தப்பன் அதே தோட்டத்தில் கீழ்லயம் என்ற கூலி வரிசை வீடுகளின் ஆட்களுக்குச் சில்லறைக் கங்காணி.

போன மாதம் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும்போது, முழுகாமல் இருந்த ஒருத்தி தாமதமாக வந்தாள் என்று மாயழகு அவளை வயிற்றில் உதைத்தான். பிள்ளை செத்துப் பிறந்தது. லயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கந்தப்பன் மட்டும் பங்களாவுக்கு ஏறிப்போய்த் துரையிடம் சொன்னான். இனிமேல் பெரட்டுப் பக்கம் வரக்கூடாது என்று எல்லார் எதிரிலும் துரை மாயழகை விரட்டிவிட்டார். அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

இனி வடத்தின் கதை.

தோட்டத்து உச்சியில் காத்தாயி அம்மன் கோயில் இருக்கிறது. காப்பிச் செடி போடுவதற்காகக் காடு வெட்டிய நாளில், முதல் கூட்டத்தோடு மன்னார்க் கரையிலிருந்து நடந்தே வந்தவள் காத்தாயி. அந்தக் காலத்தில் மலைக்காட்டை மரம் மரமாகச் சாய்க்க மாட்டார்கள். சரிவு முழுக்க எல்லா மரத்தையும் பாதி வரைக்கும் வெட்டி வைத்துவிட்டு, கடைசியில் உச்சியில் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் சாய்ப்பார்கள். அது அடுத்த மரத்தின் மேல் விழும். அந்த மரம் அதற்கடுத்ததை அடிக்கும். மலையே இரைந்துகொண்டு கீழே இறங்கும்.

காய்ச்சலில் கோடரி தூக்க முடியாமல் கிடந்த காத்தாயியின் புருஷனை அன்றைய கங்காணி கயிற்றால் மரத்தோடு கட்டி அடித்தான். கட்டிலேயே அவன் உயிர் போயிற்று. காத்தாயி கயிற்றை அவிழ்த்துத் தன் தம்பியின் கையில் கொடுத்தாள். புருஷனுடைய கோடரியை எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினாள். கங்காணியும் அவன் அடியாட்களும் சரிவின் அடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது பெரிய மரத்தில் கடைசி வெட்டை வெட்டினாள்.

ஒருவனும் தப்பவில்லை. காத்தாயியின் உடம்பும் அகப்படவில்லை. விழுந்த காட்டை எரித்து முடித்தபோது சாம்பலுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதைத்தான் இன்றுவரை கும்பிடுகிறார்கள்.

கயிறு வாங்கிய தம்பியின் வம்சம் கந்தப்பனும் இராக்கம்மாவும். தேரின் முதல் வடம் அவர்களுக்கு உரியது. மரத்தடியில் நசுங்கிச் செத்த கங்காணியின் வம்சம் சோலைமலை. அந்த வீட்டார் தேருக்குத் துணி கொடுக்கலாம், எண்ணெய் கொடுக்கலாம், முன்னால் பிரம்பு பிடித்து நடக்கலாம். வடத்தை மட்டும் தொடக்கூடாது. பழைய பகை ஒழியட்டும் என்றுதான் சோலைமலை தாமாகவே வந்து இராக்கம்மாவை மகனுக்குப் பெண் கேட்டார்.

இந்த வருஷம் முதல் வடத்தைத் தானே பிடிக்கப் போவதாக மாயழகு தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். வடம் பிடிக்கிறவன் பின்னால்தான் ஆட்கள் வருவார்கள் என்பது அவன் கணக்கு.

பங்குனி மாதத்து மழை இரவு முழுக்கப் பெய்து விடியும்போது விட்டிருந்தது. கோயில் முற்றத்தில் தப்பு முழங்கியது. தேரில் அம்மன் சிலையை ஏற்றி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் பூசாரி கையைக் காட்டினார். கந்தப்பன் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வடத்தை எடுக்கக் குனிந்தான்.

கயிற்றின் மேல் ஒரு கால் வந்து மிதித்தது.

"மாப்ள, கால எடுங்க. அது சாமி கயிறு," என்றான் கந்தப்பன்.

"எனக்கும் சாமிதான். நீ தள்ளி நில்லு."

கந்தப்பன் நிமிரவில்லை. மிதித்த காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அப்பால் வைத்தான். வைத்த மறுகணமே மாயழகின் ஆள் ஒருவன் பூண் போட்ட தடியால் அவன் தோளில் இறக்கினான்.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்லயத்துக்காரன் ஒருவன் பூசைக்கு வைத்திருந்த தேங்காயை எடுத்துத் தடி பிடித்தவன் வாயிலேயே குத்தினான். பல் தெறித்தது. தப்புக்காரனின் நெற்றி பிளந்து இரத்தம் தப்பின் தோல் மேல் ஒழுகியது. ஒருவன் குத்துவிளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பூசாரி கல்லுக்குப் பின்னால் ஒளிந்தார். பெண்கள் பால் குடங்களைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிதறினார்கள்.

மாயழகு கந்தப்பனின் முடியைப் பிடித்துத் தலையைத் தேர்ச்சக்கரத்தில் மோதிக்கொண்டிருந்தபோது சோலைமலை வந்து சேர்ந்தார். வயசான மனிதர் என்றாலும் கை இரும்பு. வெள்ளிப் பூண் பிரம்பால் மகனுடைய மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். முடியை விட்ட கையாலேயே மாயழகு தன் கன்னத்தைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, தகப்பன் மகனை அறைந்துவிட்டார்.

"இந்தக் கயித்துக்கு நம்ம பாட்டன் உசுரக் குடுத்தாச்சு," என்றார் சோலைமலை. "இன்னும் எத்தன பேரக் குடுக்கச் சொல்ற?"

வடத்தைத் தம் கையால் தொடாமல், பிரம்பின் நுனியால் தூக்கிக் கந்தப்பன் பக்கம் நகர்த்தினார். கந்தப்பன் நெற்றியில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு எடுத்தான். கீழ்லயம் மொத்தமும் அம்மன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

இராக்கம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். கோபம் அடிதடியில் முடிந்துவிடும். மாயழகு சிரித்துக்கொண்டு, அப்பாவிடம் தலையைத் தாழ்த்தி, தேருக்குப் பின்பக்கம் போனான்.

கோயிலிலிருந்து கடைவீதி வரைக்கும் ஒரே சரிவு. ஏறும்போது தேரை இழுக்க வேண்டும், இறங்கும்போது பிடிக்க வேண்டும். பின்வடத்தில் தொங்கிக்கொண்டு ஒரு கூட்டம் பின்னுக்கு இழுக்கும். சக்கரங்களின் பக்கத்தில் நடக்கும் ஆட்கள் அடிக்கு ஒருமுறை முட்டுக்கட்டையைக் கொடுத்து எடுப்பார்கள். முதல் வடம் பிடித்தவன் அம்மனைப் பார்த்தபடி, சரிவுக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்துகொண்டே கட்டை போடவும் எடுக்கவும் குரல் கொடுப்பான். அவனுக்கு ஓர் எட்டுத் தள்ளிப் பெரிய கங்காணி பிரம்போடு நடப்பார்.

வலது சக்கரத்துக்குக் கட்டை போட்டவன் அழகர். கங்காணி வீட்டிலேயே வளர்ந்து, அந்த வீட்டு மாடு கன்றைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்குப் பக்கத்தில் இராக்கம்மா ஆரத்தித் தட்டோடு நடந்தாள். முந்தானையில் லெட்சுமி.

கடைவீதிக்கு மேலே ரோட்டு வளைகிற இடத்தில் செம்மண் ஊறிச் சேறாகிக் கிடந்தது. "கட்டை," என்று கந்தப்பன் குரல் கொடுத்தான். அழகர் கட்டையைச் சக்கரத்தடியில் செருகினான். தேர் முனகிக்கொண்டு நின்றது.

அப்போது மாயழகு வந்தான். தோளால் அழகரை இடித்துத் தள்ளினான். காலை ஓங்கிக் கட்டையை உதைத்தான். முதல் உதையில் அது அசைந்தது. இரண்டாம் உதையில் தெறித்து வெளியே போயிற்று.

அழகர் பாய்ந்து அதை எடுத்துத் திரும்பவும் சக்கரத்தடியில் திணித்தான். கட்டையோடு அவன் விரல்களும் உள்ளே போயின. எலும்பு நொறுங்கும் சத்தம் இராக்கம்மாவுக்குக் கேட்டது. பின்வடம் பிடித்தவர்களின் கைத்தோலை உரித்துக்கொண்டு கயிறு ஓடியது. தேர் புறப்பட்டுவிட்டது.

கந்தப்பன் பக்கவாட்டில் குதித்தான். குதிக்கும்போதே கையை நீட்டிச் சோலைமலையின் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் கைக்குக் கிடைத்தது தோளில் கிடந்த துண்டு மட்டும். துண்டு அவன் கையோடு வந்தது. பெரிய கங்காணி சேற்றில் வழுக்கி விழுந்தார். சக்கரம் அவருடைய இரண்டு தொடைகளின் மேலும் ஏறி, அங்கேயே ஒருமுறை குதித்து, ரோட்டோர மண்கரையில் மோதிச் சாய்ந்தது. அம்மன் சிலை உருண்டு ரோட்டோர வடிகானுக்குள் விழுந்தது.



கந்தப்பன்தான் முதலில் ஓடினான். சவுக்குக் கழி ஒன்றை அச்சுக்கு அடியில் கொடுத்து நெம்பி, பெரியவரை வெளியே இழுத்தான். அவர் கால்கள் உடம்போடு வந்தன, ஆனால் உடம்பு இழுத்த பக்கம் திரும்பவில்லை. அவன் அவர் தலையை மடியில் எடுத்து வைக்கும்போது பின்னாலிருந்து மாயழகின் குரல் கேட்டது.

"எங்கப்பனப் புடிச்சுத் தள்ளிட்டான். எல்லாரும் பாத்தீங்கள்ல? புடிச்சுத் தள்ளிட்டான்."

பார்த்தவர்கள் பார்த்தது கந்தப்பனின் கை பெரியவர் தோளுக்குப் போனதை. அவர் விழுந்ததை. துண்டு இன்னும் அவன் கையில் இருப்பதை. மேல்லயத்துக்காரர்களுக்குச் சோலைமலை சோறு போட்டவர். அவர்களில் ஒருவன் எறிந்த கல் கந்தப்பனின் காதோரத்தில் பட்டது. அடுத்தது முதுகில். பிறகு தடிகள் இறங்கின.

கூட்டம் அவனை அடித்துக்கொண்டே சரிவில் தள்ளிக்கொண்டு போயிற்று. கடைவீதிக்கு வந்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். முதல் கடை புஹாரியுடையது. அரிசியும் துணியும் விற்கிற மனிதர், யாருடைய சண்டைக்கும் போகாதவர். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, வாசலில் இறங்கிக் கந்தப்பனின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு பலகைக் கதவைச் சாத்திவிட்டார். சாத்தும்போது ஒரு தடி உள்ளே வந்து அவர் முன்பற்களைப் பேர்த்தது. அப்படியும் தாழ்ப்பாளைப் போட்டார்.

மாயழகு கதவைத் தட்டவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டு வரச் சொன்னான்.

இராக்கம்மா வரும்போது பலகைகளின் மேல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மகளைக் கடையின் பின்வாசல் வழியே புஹாரியின் மனைவி ஸித்தி ஸுபைதாவிடம் தள்ளிவிட்டு, முன்பக்கம் ஓடி வந்து கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். எண்ணெய் அவள் புடவையில் ஊறியது.

"தள்ளு," என்றான் மாயழகு. "இல்லன்னா நீயும் சேந்து போவ."

அவள் அவனைப் பார்த்துப் பேசவில்லை. அவன் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். கத்தவும் இல்லை.

"எங்கண்ணன் தள்ளல. இழுத்து விடப் பாத்தாரு. கட்டைய எடுத்தது எம் புருசன். அழகர இடிச்சுத் தள்ளிட்டு, காலால எத்துனாக. நான் ஆரத்தித் தட்டோட பக்கத்துல நின்னேன். எம் மக மேல சத்தியமாச் சொல்றேன்."

தடி அவள் இடது கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. அவள் கதவை விடவில்லை. மாயழகு திரும்ப ஓங்கினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழகர் வந்தான். வலது கையை முண்டாசுத் துணியில் சுற்றியிருந்தான், துணி முழுக்கச் சிவப்பு. அந்த வீட்டில் தின்று வளர்ந்தவன், அந்த வீட்டுப் பிள்ளைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. 

"அந்தம்மா சொல்றது மெய்," என்றான். "சின்னக் கங்காணிதான் எத்துனாரு. நான் திரும்பப் போடப் பாத்தேன். கை போச்சு."

துணியை அவிழ்த்துக் காட்டினான். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்திருந்தவன் அதைக் கீழே வைத்தான். பெரட்டில் உதை வாங்கிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். முதல் கல்லை எடுத்தவள் அவள். அதன்பின் கீழ்லயத்துப் பெண்கள் எல்லாரும் எடுத்தார்கள். மாயழகு தடியைச் சுழற்றிக்கொண்டே பின்வாங்கினான். ஒருத்தி அவன் காதைப் பற்றி இழுத்ததில் கடுக்கனோடு சோணை கிழிந்தது. இரத்தம் சட்டையில் ஒழுக, மிஞ்சியிருந்த இரண்டு ஆட்களோடு தேயிலைக்குள் புகுந்து வீட்டுப் பக்கம் ஓடிவிட்டான்.

ஸுபைதா மூங்கிலைப் பிளந்து வைத்து இராக்கம்மாவின் கையைக் கட்டினாள். உள்ளே கந்தப்பன் அரிசி மூட்டைகளின் மேல் கிடந்தான். ஒரு கண் மூடிக்கிடந்தது. பெரியவர் பிழைப்பாரா என்று தங்கச்சியைக் கேட்டான். அவள் தெரியாது என்றாள். அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. மாமனார் அவளைக் கேட்கிறாராம்.

சோலைமலையைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, பதுளையிலிருந்து டாக்டர் வரும்வரை தாங்காது என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் பெரியவரைத் தவிர யாரும் இல்லை. இராக்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கைக்கட்டைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார்.

"கந்தப்பன் என்னத் தள்ளல ஆத்தா," என்றார். "இழுத்தான். துண்டுதான் அவன் கையோட போச்சு. எனக்குத் தெரியும்."

 "அத மட்டும் சொல்லுங்க மாமா. தொர வாராரு, பொலிசு வருது. இந்த ஒரு வார்த்தய அவுககிட்டச் சொல்லுங்க."

"கட்டைய எடுத்தது யாரு?"

அவள் தன் கைக்கட்டைக் குனிந்து பார்த்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் அவளிடம் முகம் கடுக்காமல் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

துரையும் அப்புத்தளைப் பொலிஸ் சார்ஜனும் ஒன்றாகவே வந்தார்கள். அவர்கள் பின்னால் மாயழகு. காதில் துணி கட்டியிருந்தான். அப்பாவின் கால்மாட்டில் விழுந்து, நைந்து கிடந்த அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகை நடிப்பல்ல. இராக்கம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவன் கொல்ல நினைத்தது வேறொருவனை.

யார் செய்தது என்று துரை கேட்டார். சார்ஜன் எழுதத் தயாராக நின்றார்.

சோலைமலை மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.  துரை இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"கந்தப்பன்," என்றார் பெரியவர். "அவந்தான் என்னப் புடிச்சுச் சக்கரத்துல தள்ளுனான்."

இராக்கம்மா எழுந்து நின்றாள். "மாமா, எம் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரைக்கு அதுவே போதுமாக இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சார்ஜனும் போனார். மாயழகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனான்.

அறை காலியான பிறகுதான் பெரியவர் பேசினார். அவள் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு இருக்கறது ஒரு மகன் ஆத்தா. கொள்ளி வைக்க வேற யாரு இருக்கா?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது. இராக்கம்மா அவர் கண்களை மூடிவிட்டாள். அழவில்லை. ஒப்பாரி வைக்கப் பெண்கள் உள்ளே வந்தபோது அவர்களைக் கடந்து வெளியே வந்து, சரிவில் ஓடினாள்.

புஹாரி கடை வாசலில் கந்தப்பனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பதுளைக்குப் போக மாட்டு வண்டி நின்றது. இரண்டு பொலிஸ்காரர்கள் பிடிக்காவிட்டால் அவனால் நிற்க முடியாது. பல் போன வாயில் துணியை அழுத்திக்கொண்டே புஹாரி சார்ஜனிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

இராக்கம்மா தான் கண்டதை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். சார்ஜன் கொச்சைத் தமிழில், ஆனாலும் பொறுமையாகவே பதில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சாகப்போகிறவன் சொன்ன வாக்கைக் கோர்ட்டில் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். நீ கைதியின் கூடப்பிறந்தவள், உன் பேச்சு மட்டும் எடுபடாது என்றார். கட்டை போட்ட ஆள் இருக்கிறானாமே, அவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன், இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும், அதுவரைதான் வண்டி நிற்கும் என்றார்.

"போகாத தாயி," என்றான் கந்தப்பன். வீங்கிய வாயிலிருந்து வார்த்தை சரியாக வரவில்லை. "புள்ளையக் கூட்டிக்கிட்டு என்கூட வண்டில ஏறு. இந்தத் தோட்டத்துல இனி ஒரு ராத்திரி இருக்காத."

"அவன் வரலன்னா ஒன்னத் தூக்குல போட்டுருவாக அண்ணே," என்றாள் இராக்கம்மா.

லெட்சுமி கடைக்குள்ளிருந்து ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். இராக்கம்மா ஒற்றைக் கையால் அவளைப் பிரித்தெடுத்து ஸுபைதாவிடம் கொடுத்தாள். தான் வராவிட்டால் பிள்ளையை வண்டியில் மாமனோடு ஏற்றிவிடும்படி சொன்னாள். ஸுபைதா தலையசைத்தாள். பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

அழகரின் வீடு மேல்லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா. கதவு திறந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து, இரத்தத் துணிகளை ஒரு சட்டியில் அலசிக்கொண்டிருந்தாள். இராக்கம்மாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"இப்பத்தான் கூட்டிட்டுப் போனாருங்க," என்றாள்.

"யாரு?"

"சின்னக் கங்காணி ஐயாதான். கூட ரெண்டு ஆளு. நடந்தது நடந்துபோச்சு, அப்பன் செத்த வீட்டுல இனி பகை வேணாம்னாரு. கை அழுகிப்போகும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னாரு. இது மாட்டேன்னுதான் சொல்லிச்சு. அவுங்க விடல."

"எந்தப் பக்கம் போனாக?"

அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி கீழே, கடைவீதியையும் தாண்டி. அவள் கை நீண்டது மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற பக்கம். காட்டிய பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. சட்டி கையிலிருந்து நழுவிற்று.

கீழே சார்ஜன் வண்டிக்காரனிடம் ஏதோ சத்தமாகச் சொல்வது கேட்டது. மாடுகளை நுகத்தில் பூட்டிவிட்டார்கள்.

இராக்கம்மா லயத்துச் சுவரில் செருகியிருந்த, தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டாள். அழகரின் பெண்டாட்டியிடம், ஓடிப்போய்ப் பொலிசிடம் சொல், வண்டியை நிறுத்தச் சொல் என்றாள். அவள் ஓடினாள். நிறுத்துவார்களா என்று நின்று பார்க்க இராக்கம்மாவுக்கு நேரமில்லை.

மழையில் ஊறிய குறுக்குப் பாதையில் தடங்கள் புதிதாக இருந்தன. முதலில் நாலு பேர் நடந்த தடம். இரண்டாம் வளைவுக்கு மேல் மூன்று பேர் நடந்த தடம்தான் இருந்தது. நாலாவது ஆளின் இரண்டு குதிகாலும் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தன.

ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் ஓடத் தொடங்கினாள்.